உரத்துப் பேசும் தடங்கள்: நிலஅதிர்வுத் தரவில் மிகைவீச்சு

ஏழு எண்களை எடுத்துக்கொள்வோம்: 10, 12, 11, 9, 13, 11, 2000. கடைசி எண் மற்றவற்றோடு சேராதது என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் புள்ளியியலின் பழக்கமான விதியைக் கணினியிடம் கொடுத்து, சராசரியிலிருந்து மூன்று திட்டவிலக்கத்துக்கு அப்பால் விழுவதைத் தள்ளிவை என்று பணித்தால், அது ஏழையும் நல்லவை என்றே திருப்பித் தரும். இவற்றின் சராசரி 295. திட்டவிலக்கம் 752. ஆகவே 2000 என்பது சராசரியிலிருந்து 2.27 திட்டவிலக்கத் தொலைவில்தான் நிற்கிறது. இரண்டாயிரத்தை அழித்துவிட்டு இரண்டு கோடி என்று எழுதினாலும் அந்த 2.27 மாறாது. கெட்டுப்போன எண் சராசரியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. திட்டவிலக்கத்தையும் ஊதிப் பெருக்குகிறது. பெருகிய அந்த இடத்துக்குள் தானே ஒளிந்துகொள்கிறது. பத்து அளவீடுகள் வரை இதிலிருந்து தப்பவே முடியாது. பத்தில் ஒன்று எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதன் விலக்கம் 2.85-ஐத் தாண்டாது என்பதைக் கணிதத்தால் நிறுவிவிடலாம்.

அந்த ஏழு எண்களும் ஒரு வயல்வெளியில் வரிசையாகப் புதைத்த ஏழு ஜியோபோன்கள், அதாவது நில அதிர்வை உணரும் கருவிகள், ஒரே வெடிக்குப் பதிவு செய்த சராசரி வீச்சுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது இது பாடநூல் கணக்கு இல்லை. பூமிக்குள் சில கிலோமீட்டர் ஆழத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லப்போகும் படத்தின் தரம் இதில் தொங்குகிறது.

இப்படிப் பூமிக்குள் பார்க்கும் எதிரொலிப்பு முறை 1921-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் பிறந்தது. ஜான் கிளாரன்ஸ் கார்ச்சரும் அவருடைய கூட்டாளிகளும் நிலத்தில் சிறு வெடி வைத்து, அடியில் உள்ள பாறைப் பரப்பில் பட்டுத் திரும்பும் அலையைக் கருவியில் பிடித்துக் காட்டினார்கள். நூறாண்டு கடந்தும் அடிப்படை அதேதான். ஓரிடத்தில் அதிர்வை உண்டாக்க வேண்டும். பல இடங்களில் அதைக் கேட்க வேண்டும். ஒரு வெடிக்கு ஒரு ஜியோபோன் எழுதித் தரும் நெளிகோடுதான் தடம். துறையில் இருப்பவர்கள் டிரேஸ் என்பார்கள். இன்றைய ஒரு முப்பரிமாண ஆய்வில் இத்தகைய தடங்கள் கோடிக்கணக்கில் சேரும். ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து நல்லது கெட்டது பிரித்த காலம் போய்விட்டது. அந்தத் தீர்ப்பை இப்போது நிரல் சொல்கிறது. அதனிடம் நாம் என்ன கேள்வி கேட்கிறோம் என்பதே இந்தக் கட்டுரையின் அக்கறை. ஒரு தடம் எவ்வளவு உரத்துப் பேசுகிறது என்று மட்டும் கேட்டால் தவறான பதில்தான் வரும். யாரோடு ஒப்பிட்டால் அது உரத்திருக்கிறது, எந்தக் காரணத்தால் உரத்திருக்கிறது என்று கேட்க வேண்டும்.

ஒரே ஒரு தடத்துக்கு ஏன் இவ்வளவு கவலை? ஹாரி மேய்ன் 1950-இல் விண்ணப்பித்து 1956-இல் காப்புரிமை பெற்ற ஒரு முறையில் இதற்குப் பதில் இருக்கிறது. நிலத்தடியின் ஒரே புள்ளியைப் பல வெடி, பல ஜியோபோன் இணைகளால் திரும்பத் திரும்பத் தொட்டு, கிடைக்கும் தடங்களைக் கூட்டிச் சராசரி எடுப்பது அவர் முறை. இதுவே ஸ்டாக். எதிரொலி எல்லாத் தடத்திலும் ஒத்திருப்பதால் வலுப்பெறும். இரைச்சல் தடத்துக்குத் தடம் வேறாக இருப்பதால் ஒன்றையொன்று தேய்க்கும். 12 தடங்களைக் கூட்டினால் இரைச்சலுக்கு எதிரே எதிரொலியின் வலிமை 12-இன் வர்க்கமூலம், அதாவது ஏறத்தாழ மூன்றரை மடங்கு கூடும். வட அலாஸ்காவின் தேசியப் பெட்ரோலிய ஒதுக்கு நிலத்தில் 1981-இல் 96 சேனல்களோடு எடுத்த 31-81 என்னும் கோடு இப்படி ஒவ்வொரு புள்ளியையும் 12 தடங்கள் தொட்ட 12 மடிப்புத் தரவுதான். பொதுவெளியில் கிடைப்பதால் உலகெங்கும் மாணவர்கள் அதில் கைப்பழகுகிறார்கள்.

இப்போது அந்த 12-இல் ஒன்றில் மட்டும் இரைச்சல் மற்றவற்றைவிடப் பத்து மடங்கு என்று வையுங்கள். கூட்டலில் இரைச்சலின் வர்க்கங்கள் சேர்கின்றன: பதினொரு ஒன்றுகள், ஒரு நூறு, ஆக 111. நல்ல தடங்கள் பன்னிரண்டும் இருந்திருந்தால் அது வெறும் 12. கணக்கை முடித்தால், 12 தடங்களைக் கூட்டியும் நமக்குக் கிடைப்பது 1.3 தடத்தின் பலன்தான். பதினொரு ஜியோபோன்களைப் பனியில் சுமந்து சென்று புதைத்தவர்களின் உழைப்பை ஒரு கெட்ட தடம் விழுங்கிவிட்டது. அதைக் கூட்டலில் சேர்க்காமல் விட்டிருந்தால் 11 தடத்தின் பலன் முழுதாகக் கிடைத்திருக்கும். இழப்பு மிகச் சிறிது.

இங்கே சராசரி என்ற கருவியையே சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. புள்ளியியலாளர் ஜான் டூக்கி 1960-இல் இதைக் கூர்மையாக எடுத்துக்காட்டினார். ஆயிரத்தில் இரண்டு அளவீடுகள் மற்றவற்றைவிட மூன்று மடங்கு பரவலோடு கலந்திருந்தாலே போதும்; திட்டவிலக்கம் தன் மேன்மையை இழந்து, எளிய சராசரி விலக்கம் அதைவிட நம்பகமாகிவிடும். இதே டூக்கிதான் 1965-இல் ஜேம்ஸ் கூலியோடு சேர்ந்து விரைவு ஃபூரியர் உருமாற்றத்தை வெளியிட்டார். நிலஅதிர்வுத் தரவைப் பதப்படுத்தும் அநேகமாக எந்த நிரலும் அதைத் தொடாமல் ஓடுவதில்லை. பீட்டர் ஹூபர் 1964-இல் உறுதியான மதிப்பீட்டுக் கோட்பாட்டுக்கு அடித்தளம் போட்டார். இந்தச் சிந்தனையை நிலஅதிர்வுத் துறைக்குள் வலுவாகக் கொண்டுவந்தவர்கள் ஜான் கிளேர்பவுட், பிரான்சிஸ் மியூர் இருவரும். தாறுமாறான தரவைக் கையாள்வது பற்றி 1973-இல் ‘ஜியோபிசிக்ஸ்’ இதழில் அவர்கள் எழுதிய கட்டுரையை இன்றும் படிக்கலாம். பிழைகளின் வர்க்கத்தைக் குறைக்கப் பாடுபடுவதை விட்டுப் பிழைகளின் பருமனைக் குறையுங்கள் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். அப்படிச் செய்தால் சராசரியின் இடத்தில் இடைநிலை வந்து உட்காரும்.

நம் ஏழு எண்களின் இடைநிலை 11. அதிலிருந்து ஒவ்வொன்றும் விலகும் அளவுகளுக்கு மறுபடி இடைநிலை எடுத்தால் 1. திட்டவிலக்கத்தோடு ஒப்பிடத்தக்கதாக மாற்ற 1.4826-ஆல் பெருக்கினால் 1.48. இந்த அளவுகோலால் அளந்தால் 2000 என்பது ஏறத்தாழ 1,340 மடங்கு வெளியே நிற்கிறது. ஒளிய இடமில்லை.

இதோடு வேலை முடிந்தது என்று பல நிரல்கள் நினைக்கின்றன. உண்மையில் கெட்டதைத் தேடத் தொடங்கியிருக்கிறோம், அவ்வளவே. இடைநிலை தாங்குவது பாதி வரைதான். பாதிக்கு மேல் கெட்டிருந்தால் அதுவும் கெட்டவர்கள் பக்கம் சாயும். கடலில் இது அன்றாடம் நடக்கிறது. கப்பல் இழுத்துச் செல்லும் பல கிலோமீட்டர் நீளக் கேபிளை அலைகள் அசைக்கும்போது, பெரும்பாலும் 15 ஹெர்ட்ஸுக்குக் கீழே, நீரில் ஒலியைக் கேட்கும் ஹைட்ரோபோன்களின் அடுத்தடுத்த பத்து இருபது தொகுதிகளில் ஒருசேரப் பேரிரைச்சல் ஏறுகிறது. அந்தக் கூட்டத்தின் நடுவே நின்று அண்டை வீட்டாரோடு ஒப்பிட்டால் எல்லாரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள்.

ஆகவே யாரோடு ஒப்பிடுவது என்பது முதல் கேள்வியாகிறது. வெடிக்கு அருகே உள்ள ஜியோபோன் இயல்பிலேயே உரத்துப் பேசும். மூன்று கிலோமீட்டர் தள்ளி இருப்பது முணுமுணுக்கும். அலை விரிந்து பரவப் பரவ ஆற்றல் தேய்வதால் வரும் வேறுபாடு இது. மொத்தத் தரவுக்கும் ஒரே உச்சவரம்பு வைத்தால் அருகிலுள்ள நல்ல தடங்கள் வெட்டுப்படும். தொலைவில் உள்ள கெட்ட தடங்கள் தப்பிக்கும். முதலில் பரவல் இழப்பைத் திருத்திவிட்டு, பிறகு ஒரே தொலைவில் உள்ள தடங்களை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். ஒரு வெடியின் தடங்களைத் தமக்குள் ஒப்பிடுவதைவிட, அடுத்தடுத்த நாற்பது வெடிகளில் அதே தொலைவில் கிடைத்த நாற்பது தடங்களை ஒப்பிடுவது பெரும்பாலும் நியாயமானது. வெடிவாரியாக அடுக்கும்போது கூட்டமாக வந்த இரைச்சல், தொலைவுவாரியாக மாற்றி அடுக்கும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிவிடும். சிதறியதை இடைநிலை எளிதில் பிடிக்கும். அருகில் வேறொரு கப்பல் ஆய்வு நடத்தும்போது அதன் ஒலி நம் கேபிளில் புகுவதையும் இந்த மறு அடுக்கலால்தான் பிரித்தெடுக்கிறார்கள்.

இதைவிடப் பொருள் நிறைந்த ஒரு படம் உண்டு. ஒரு நேர்கோட்டு ஆய்வின் எல்லாத் தடங்களையும் ஒரு கட்டத்தாளில் நிரப்புங்கள். கிடைவரிசை ஒவ்வொன்றும் ஒரு வெடி. நெடுவரிசை ஒவ்வொன்றும் தரையில் ஜியோபோன் நின்ற ஓர் இடம். ஒவ்வொரு கட்டத்தையும் அந்தத் தடத்தின் சராசரி வீச்சுக்கேற்ற நிறத்தால் தீட்டுங்கள். ஒரு கிடைவரிசை முழுதும் சிவந்திருந்தால் அது வெடியின் கதை: மருந்து கூடியிருக்கலாம், குழி ஈரக்களியில் அமைந்திருக்கலாம். ஒரு நெடுவரிசை முழுதும் சிவந்திருந்தால் அது அந்த இடத்தின் கதை: ஜியோபோன் நின்ற மண் தளர்வாக இருக்கலாம், பக்கத்தில் மோட்டார் ஓடியிருக்கலாம். வெடி நகர நகர, பதிவாகும் ஜியோபோன்களும் கூடவே நகரும் நில ஆய்வில் சேனல் எண் ஒரு மூலைவிட்டத்தின் போக்கில் செல்லும். அந்த மூலைவிட்டம் சிவந்தால் கோளாறு பதிவுக்கருவியின் அந்தச் சேனலில். தனியே ஒரு கட்டம் மட்டும் சிவந்தால் அந்த நொடியில் ஏதோ நடந்தது. ஒரு மாடு நடந்து போனாலும் போதும்.

எதிர்த்திசை மூலைவிட்டம் ஒன்று பாக்கி இருக்கிறது. வெடிக்கும் ஜியோபோனுக்கும் நடுப்புள்ளி மாறாமல் இருக்கும் தடங்கள் அந்தத் திசையில்தான் வரிசையாக நிற்கும். வெவ்வேறு வெடி, வெவ்வேறு ஜியோபோன், வெவ்வேறு சேனல், வெவ்வேறு நாள். ஆனால் எல்லாம் நிலத்தடியின் ஒரே இடத்தைத் தொட்டவை. அந்தக் கோட்டில் சிவப்பு படர்ந்தால் உரத்துப் பேசுவது பூமி. மேலே நடந்த எந்த விபத்தும் அந்தத் திசையில் தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்ளாது.

இந்தத் துறையில் இதைவிட அழகான ஓர் உண்மை எனக்குத் தெரியாது. வீச்சின் அளவு இரைச்சலையும் எதிரொலியையும் பிரித்துக் காட்டாது; வீச்சு எந்தத் திசையில் ஒழுங்குபடுகிறது என்பது காட்டும். டர்ஹான் டானரும் ஃபுல்டன் கோலரும் 1981-இல் எழுதிய கட்டுரையில் இதைக் கணக்காக வடித்தார்கள். ஒரு தடத்தின் வீச்சு என்பது வெடியின் பங்கு, ஜியோபோன் இடத்தின் பங்கு, தொலைவின் பங்கு, நடுப்புள்ளியின் பங்கு ஆகியவற்றின் பெருக்கல். மடக்கை எடுத்தால் பெருக்கல் கூட்டலாகும். கூட்டலானபின் ஆயிரக்கணக்கான தடங்களிலிருந்து நான்கு பங்குகளையும் தனித்தனியே பிரித்தெடுப்பது கணினிக்குச் சாதாரண வேலை. முதல் இரண்டு பங்குகளைத் திருத்த வேண்டும். நடுப்புள்ளியின் பங்கைக் கணக்கிட வேண்டும், ஆனால் திருத்தக் கூடாது. அது திருத்தப்பட வேண்டிய பிழை இல்லை. தேடிவந்த பொருளே அதுவாக இருக்கலாம்.

மெக்சிகோ வளைகுடாவின் அனுபவம் இதற்குச் சான்று. 1960கள் வரை பதிவுத் தாளிலும் நாடாவிலும் அடங்கும் வீச்சு வரம்பு குறுகியது. முதலில் வரும் அலைக்கும் சில நொடி கழித்து வரும் எதிரொலிக்கும் பல்லாயிரம் மடங்கு வேறுபாடு இருக்கலாம் என்பதால், தானியங்கிப் பெருக்கக் கட்டுப்பாடு எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தது. படங்கள் பார்க்கச் சீராக இருந்தன. பாறைப் பரப்புகளின் வடிவம் தெரிந்தது. எது வலுவான எதிரொலி, எது மெலிந்தது என்ற செய்தி அழிந்தது. எண்முறைப் பதிவு வந்து உண்மை வீச்சைக் காப்பாற்ற முடிந்தபிறகு, 1960களின் கடைசியில் ஷெல் நிறுவனத்தின் மைக் ஃபாரஸ்ட் உள்ளிட்டோர் சில அமைப்புகளின் உச்சியில் மட்டும் எதிரொலி மிக வலுத்து நிற்பதையும், அது எரிவாயு இருக்கும் இடங்களோடு பொருந்துவதையும் கவனித்தார்கள். பிரைட் ஸ்பாட் என்ற பெயர் அதற்கு நிலைத்தது. இளகிய மணற்பாறையின் துளைகளில் நீருக்குப் பதில் வாயு புகும்போது அலையின் வேகம் சட்டென்று விழுகிறது, மேலுள்ள களிப்பாறைக்கும் மணலுக்கும் இடையே வேறுபாடு கூடுகிறது, எதிரொலி வலுக்கிறது. 1970களின் தொடக்கத்தில் நிறுவனங்கள் கடல்படுகை ஏலங்களில் இதை நம்பிப் பணம் கட்டின.

முன்பு எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்கு இழுத்த அதே கட்டுப்பாட்டை இப்போதும் ஓட்டியிருந்தால் இந்தக் கண்டுபிடிப்பே நடந்திருக்காது. இன்றைய மிகைவீச்சு நீக்கும் நிரலைக் கவனமின்றி இறுக்கினாலும் அதேதான் விளையும். ஒரு சாளரத்தின் இடைநிலையைவிட நான்கு மடங்கு உயர்ந்ததை வெட்டு என்று பணித்தால், வாயுமணலின் எதிரொலியும் வெட்டுப்படலாம். 1984-இல் ஆஸ்ட்ராண்டர் காட்டிய இன்னொரு நுணுக்கமும் சேர்ந்தால் ஆபத்து கூடும். வாயு நிறைந்த சில மணல்களில் வெடிக்கும் ஜியோபோனுக்கும் தொலைவு கூடக்கூட எதிரொலியின் வீச்சு குறையாமல் ஏறும். அதாவது தொலைத்தடங்கள் தம் அண்டையரைவிட உரத்துப் பேசுவதே அங்கே சான்று. அவற்றைச் சந்தேகத்துக்குரியவை என்று தட்டிச் சமப்படுத்தினால், துளை போடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கப் பயன்படும் தடயத்தை நம் கையாலேயே அழித்துவிடுகிறோம்.

வலுத்த எதிரொலி என்றாலே வாயு என்றும் சொல்லக் கூடாது. சில சதவீத வாயு இருந்தாலே வேகம் பெருமளவு விழுந்துவிடும் என்பதால், வணிகத்துக்குப் பயன்படாத அற்ப வாயுவும் அதேபோல் ஒளிரும். எரிமலைப் பாறையின் தகடு, நிலக்கரி அடுக்கு, மெலிந்த படுகையின் மேல் கீழ்ப் பரப்புகளின் எதிரொலிகள் ஒன்றோடொன்று பொருந்திக் கூடுவது என வேறு காரணங்களும் உண்டு. அவை புவியியலரின் வழக்கு. தரவைப் பதப்படுத்துபவரின் கடமை அந்த வழக்கு நடக்கும் அளவுக்குச் சான்றை உயிரோடு ஒப்படைப்பது.

பூமிக்கும் வயலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாத மிகைவீச்சும் உண்டு; அதை முதலில் களையாவிட்டால் மேலே சொன்ன எல்லாக் கணக்கும் வீண். ஒவ்வொரு வெடியின் பதிவோடும் துணைச் சேனல்கள் சில வரும்: வெடித்த நொடியின் துடிப்பு, குழிவாயில் பதிவு, வெடிக்குப் பதில் நிலத்தை அதிரவைக்கும் அதிர்வூட்டி வண்டி அனுப்பிய மாதிரி அலை. அவற்றின் அலகும் அளவும் வேறு. அவற்றை ஜியோபோன் தடங்களோடு கலந்து படித்தால் வெடிக்கொரு அரக்கத் தடம் முளைக்கும். செக்-ஒய் கோப்புமுறை 1975-இலேயே ஒவ்வொரு தடத்தின் தலைப்பிலும் 29, 30-ஆம் பைட்டுகளை இதற்காக ஒதுக்கியிருக்கிறது. 1 என்றால் நிலஅதிர்வுத் தடம், 2 என்றால் செத்த தடம், 4 என்றால் வெடிநொடி, 6 என்றால் மாதிரி அலை. இந்த எண்ணைப் படிக்காமலே வீச்சை ஆராயத் தொடங்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

எண்களை எழுதிவைத்த முறையும் ஏமாற்றும். பழைய செக்-ஒய் கோப்புகளில் ஐபிஎம் மிதவைப்புள்ளி எண்களே வழக்கம். ஐஇஇஇ எண்களுக்கு 2002-இல் வந்த முதல் திருத்தம் இடமளித்தது. இரண்டும் 32 பிட்தான். ஐபிஎம் முறையில் எழுதிய 1 என்ற எண்ணை ஐஇஇஇ என்று நினைத்துப் படித்தால் 9 வரும். 1000-ஐப் படித்தால் 190.5 வரும். ஆயிரம் மடங்கு வேறுபாடு 21 மடங்காகச் சுருங்கிவிட்டது. அலையின் குறியும் ஏற்ற இறக்கமும் அடையாளம் தெரியும் அளவுக்கு எஞ்சி நிற்பதால் திரையில் பார்ப்பவர் சந்தேகப்படவே மாட்டார். உரத்த தடமும் மெலிந்த தடமும் அருகருகே வந்துவிட்டதால் மிகைவீச்சைத் தேடும் நிரலுக்கும் ஒன்றும் அகப்படாது. பைட்டுகளின் வரிசை தலைகீழானால் நேர் எதிர்: வானளாவிய எண்கள் கொட்டும், பிழை உடனே தெரியும். கூச்சலிடும் பிழையைவிட அடங்கியிருக்கும் பிழை இங்கே மோசமானது.

காரணம் தெரிந்தபின் மருந்து. உரத்த தடம் எதுவானாலும் கொன்றுவிடு என்பது எளிய வழி. செயலாக்கக் கூடங்களில் கில் என்றே சொல்வார்கள். கொல்ல வேண்டிய தடங்கள் உண்டு. கேபிள் கசிந்து குதிக்கும் தடத்தையும், கருவியின் எல்லையைத் தாண்டி உச்சி தட்டையான தடத்தையும் மீட்க வழியில்லை. ஆனால் ஜியோபோன் நின்ற மண்ணின் இயல்பால் எதிரொலியும் இரைச்சலும் ஒரே விகிதத்தில் பெருகிய தடத்தில் செய்தி முழுதாக இருக்கிறது. அதை உரிய எண்ணால் வகுத்தால் போதும். மின்கம்பிக்கு அடியில் நின்ற ஜியோபோனில் நம் நாட்டில் 50 ஹெர்ட்ஸும் அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸும் ஏறும். பம்புசெட்டும் மின்கம்பியும் நிறைந்த காவிரிப் படுகையில் இது தவிர்க்க முடியாதது. அங்கே அந்த ஒற்றை அலையின் வீச்சையும் கட்டத்தையும் கணித்துக் கழிப்பதே முறை. அந்த அதிர்வெண்ணை மொத்தமாக வெட்டினால் அதோடு எதிரொலியின் பங்கும் போய்விடும்.

கடல் அலைகள் தரும் இரைச்சலுக்கு இதே எண்ணத்தை விரித்திருக்கிறார்கள். தடத்தைச் சிறு நேரச் சாளரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதிர்வெண் பட்டைகளாக உடைத்து, பட்டை பட்டையாக அண்டைத் தடங்களின் இடைநிலையோடு ஒப்பிடுகிறார்கள். 5 ஹெர்ட்ஸில் வரம்பு மீறிய பகுதி மட்டும் கீழிறங்கும். அதே தடத்தில் அதே நொடியில் 40 ஹெர்ட்ஸில் உள்ள எதிரொலி தொடப்படாது. கொலையைவிட இது எவ்வளவோ மேல். எனினும் குறைந்த அதிர்வெண்ணில் எதிரொலியும் இருக்கிறது என்பதை மறக்கலாகாது. ஆழத்தில் இறங்க இறங்க எஞ்சி நிற்பது அதுதான்.

இன்னொரு வழி எந்தத் தடத்தையும் கொல்லாமல் ஒவ்வொன்றுக்கும் அதன் ஆற்றலுக்குத் தலைகீழான எடை கொடுத்துக் கூட்டுவது. டைவர்சிட்டி ஸ்டாக் என்ற இந்த முறைக்கு 1968-இலேயே அமெரிக்கக் காப்புரிமை உண்டு. அதிர்வூட்டி வண்டிகள் ஒரே இடத்தில் பலமுறை அதிரும்போது, நடுவில் லாரி கடந்த ஒரு பதிவின் குரலைத் தானாகத் தணிப்பதில் இது கைகொடுத்தது. இதன் பலவீனம் எதிர்முனையில் இருக்கிறது. இணைப்பு அறுந்து கிட்டத்தட்ட மௌனமான தடத்துக்கு ஆற்றல் குறைவு. ஆகவே எடை மிக அதிகம். உரத்தவரை அடக்க வந்த விதி ஒன்றும் சொல்லாதவரைத் தலைவராக்கிவிடும். செத்த தடங்களை முன்பே நீக்காமல் இந்த முறையைத் தொடக் கூடாது.

எப்போது செய்வது என்பதற்கும் விதி உண்டு. பொதுவாக எவ்வளவு முன்னதாகவோ அவ்வளவு நல்லது. அதிர்வூட்டி வண்டியின் பதிவில், மாதிரி அலையோடு ஒப்பிட்டுச் சுருக்கும் படிக்கு முன் ஓர் ஒற்றைக் கூர்முனை இருந்தால், சுருக்கியபின் அது மாதிரி அலையின் தலைகீழ் வடிவமாகப் பல நொடிக்கு நீண்டுவிடும். முன்பு ஓர் எண்ணை நீக்கினால் போதுமாயிருந்தது. இப்போது ஆயிரக்கணக்கான எண்கள் கெட்டுவிட்டன. அலைத்திசை வடிகட்டியும் அப்படியே, ஒரு தடத்தின் கேட்டை அண்டைத் தடங்களுக்குப் பங்கிட்டுவிடும். எதிரொலிகளை அவை பிறந்த இடத்துக்கு நகர்த்தும் மைக்ரேஷன் இன்னும் கொடுமை. அந்தப் படி ஒவ்வொரு துடிப்பையும் அது வந்திருக்கக்கூடிய எல்லா இடங்களிலும் பரப்பி வைக்கிறது. உண்மையான எதிரொலிகள் ஒன்றையொன்று தாங்கிப் பரப்பாக உருவெடுக்கும். துணையில்லாத கூர்முனை வாயை அகல விரித்த வளைவாகப் படத்தில் பதியும். ஆழத்தில் இந்த வளைவுகள் பாறை மடிப்புகளோடு பின்னிக்கொண்டால் பிரித்தறிவது கடினம்.

கொன்ற தடத்தின் வெற்றிடமும் நிரபராதி இல்லை. எண்களை மட்டும் பூச்சியமாக்கி, தலைப்பில் செத்தது என்று குறிக்காமல் விட்டால், ஸ்டாக் நிரல் 11 தடங்களின் கூட்டலை 12-ஆல் வகுக்கும். அந்த இடத்தில் மட்டும் எதிரொலி எட்டு சதவீதம் மெலியும். ஒரு பாட்டையோரம் முழுதும் தடங்களைக் கொன்றிருந்தால், அந்தப் பாட்டையின் நிழல் நிலத்தடிப் படத்தில் பாறையின் மாற்றம்போல் இறங்கும்.

இத்தனைக்கும் பிறகு தீர்ப்பு சரியா என்று பார்க்க ஒரு நேர்மையான சோதனை இருக்கிறது. சுத்தம் செய்த தரவைச் சுத்தம் செய்யாததிலிருந்து கழித்து, மிஞ்சுவதை மட்டும் ஸ்டாக் செய்து பார்ப்பது. சுத்தமான படம் எல்லாருக்கும் பிடிக்கும். கூட்டங்களில் அதைத்தான் காட்டுகிறார்கள். நீக்கியதன் படத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதில் இரைச்சல் மட்டும் சிதறிக் கிடந்தால் நிரல் தன் வேலையைச் செய்திருக்கிறது. அதில் ஒரு பாறைப் பரப்பு தொடர்ச்சியாகத் தெரிந்தால், அது எவ்வளவு மெலிந்ததானாலும், பூமி சொன்னதை நாம் இரைச்சல் என்று எறிந்திருக்கிறோம். வரம்பைத் தளர்த்தி மறுபடி ஓட்ட வேண்டும்.

மறுபடி ஓட்ட, எறிந்தது கையில் இருக்க வேண்டும். பழைய ஆய்வுகள் பலவற்றில் அது இல்லை. நாடாவின் விலையும் கருவியின் கொள்ளளவும் இடம் தராததால், ஓரிடத்தில் பலமுறை அதிர்ந்த பதிவுகளை வயலிலேயே எடையிட்டுக் கூட்டி, கூட்டியதை மட்டும் எழுதிவைத்தார்கள். எந்தப் பதிவு எவ்வளவு தணிக்கப்பட்டது என்பது அங்கேயே மறைந்துபோனது. சேமிப்பு மலிந்துவிட்ட இன்று பல நிலக் குழுக்கள் ஒவ்வொரு அதிர்வையும் கூட்டாமல், சுருக்காமல், லாரி கடந்த இரைச்சலோடு சேர்த்து அப்படியே எழுதிவைக்கின்றன. கூடவே எந்தத் தடம், எந்தச் சாளரம், எந்த வரம்பால், என்ன காரணத்துக்காகத் தணிக்கப்பட்டது என்ற பட்டியலும் தரவோடு போனால்தான், இருபது ஆண்டு கழித்து அதைத் திறப்பவர் நம் தீர்ப்பை மறுபரிசீலனை செய்ய முடியும்.